கைச்சாத்து மட்டும் சமாதானம் ஆகாது



தாய்லாந்தும் கம்போடியாவும் புத்த சமயத்தைப் போற்றும் நாடுகள். இரண்டிலும் நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிப் பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஆசியான் என்னும் ஒரே குடும்பத்தில் நம்மோடு உட்கார்ந்திருப்பவை. அப்படியிருந்தும் 2025ஆம் ஆண்டில் இரண்டு முறை அவை பீரங்கிகளை முழங்கவிட்டு ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன.

ஜூலை 24ஆம் தேதி மூண்ட சண்டை ஐந்து நாள் நீடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். ஜூலை 28ஆம் தேதி புத்ராஜெயாவில் நம் பிரதமர் அன்வார் இப்ராகிம் முன்னிலையில் போர்நிறுத்தம் பேசி முடிக்கப்பட்டது. அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூரில் அமெரிக்க அதிபர் டிரம்பும் நம் பிரதமரும் சாட்சியாக நிற்க, தாய்லாந்துப் பிரதமர் அனுத்தினும் கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட்டும் கையெழுத்திட்டார்கள். பதினைந்து நாள் கழித்து, நவம்பர் 10ஆம் தேதி, எல்லையில் கண்ணிவெடி வெடித்துத் தாய்லாந்துச் சிப்பாய்கள் காயமுற்றனர். உடனே தாய்லாந்து அந்த உடன்படிக்கையை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் மறுபடியும் போர். இம்முறை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர். டிசம்பர் 27ஆம் தேதி இரு நாட்டுத் தற்காப்பு அமைச்சர்களும் எல்லையில் கூடி இன்னொரு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஒரே ஆண்டில் மூன்று காகிதங்கள்! இதைக் கண்டு நம்மில் பலர், "இவர்களாவது, சமாதானமாவது!" என்று கையை உதறிவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விடுகிறார்கள். வேறு சிலர், "அவர்கள் அடித்துக்கொண்டால் நமக்கென்ன?" என்கிறார்கள். இவ்விரு பேச்சும் தவறு என்பதே என் கருத்து. அண்டை நாடுகள் இரண்டு போரிட்டுப் பின்பு பேசித் தீர்த்துக்கொண்டதற்கு நம் ஜொகூர் மண்ணே சாட்சி. அந்த வரலாறு நம் தோட்டங்களின் ஓரத்தில் நடந்த வரலாறு. அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தால், எந்தக் காகிதம் கிழியும், எந்தக் காகிதம் நிலைக்கும் என்பது விளங்கும்.

ஜொகூர் மண் கண்ட சண்டை

மலேசியா அமைவதை எதிர்த்து 1963 ஜனவரி 20ஆம் தேதி இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபந்திரியோ 'கொன்ஃப்ரொந்தாசி' என்னும் பகைக் கொள்கையை அறிவித்தார். அதிபர் சுகர்ணோ மலேசியாவை நசுக்குவோம் என்று முழங்கினார். போர் பெரும்பாலும் போர்னியோ காடுகளில் நடந்தது. ஆனால் 1964 ஆகஸ்டு 17ஆம் தேதி, நமக்குத் தென்மேற்கே உள்ள பொந்தியான் கடற்கரையில் ஏறக்குறைய நூறு ஆயுதபாணிகள் வந்து இறங்கினார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி லாபிஸ் பக்கம் விமானத்திலிருந்து பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். லாயாங் லாயாங்கைத் தொட்டு ஓடும் இரயில் பாதையில் வடக்கே ரெங்கம், குளுவாங், பாலோ, பெக்கோக் எனக் கடந்தால் லாபிஸ்தான். மறுநாள் நாடெங்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது.

இந்தப் போரில் நம் நாட்டின் பக்கம் நின்ற காமன்வெல்த் படையினர் 114 பேரும், இந்தோனேசியத் தரப்பில் 590 பேரும், பொதுமக்கள் 36 பேரும் மாண்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். வயிற்றில் விழுந்த அடி இந்தக் கணக்கில் சேராது. சுமத்திராவிலிருந்து வந்த கச்சா ரப்பரைச் சுத்தம் செய்து ஏற்றுமதி செய்த ஆலைகள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்தன. 1963 செப்டம்பரில் இந்தோனேசியா வாணிகத்தை முறித்தவுடன் அந்த ஆலைகளிலும் துறைமுகங்களிலும் வேலை பார்த்தவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. யுத்தம் என்றால் முதல் குண்டு எங்கே விழுந்தாலும் இரண்டாவது குண்டு கூலிக்காரன் சோற்றுப் பானையில் விழுகிறது.

இத்தனைக்கும் ஜொகூரும் ரியாவ் தீவுகளும் முன்பு ஒரே சுல்தானின் ஆட்சியில் இருந்தவை. 1824ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதி, நீரிணைக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் உனக்கு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அங்கே தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே கோடு கிழித்ததும் 1904, 1907ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் சயாமோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான். எவனோ கிழித்த கோட்டுக்காக எளியவன் பிள்ளை உயிரைக் கொடுக்கிறான். இரண்டு கதையும் ஒன்றுதானே?

பேச்சு ஏன் முறிந்தது?

அன்றும் சமாதானப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 1963 ஜூலை இறுதியில் மணிலாவில் துங்கு அப்துல் ரகுமானும், சுகர்ணோவும், பிலிப்பைன்ஸ் அதிபர் மக்கபகாலும் கூடினார்கள். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐ.நா. குழு விசாரித்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. ஆனால் அந்தக் குழு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 29ஆம் தேதி, மலேசியா செப்டம்பர் 16ஆம் தேதி உதயமாகும் என்று நம் தரப்பு அறிவித்துவிட்டது. செப்டம்பர் 14ஆம் தேதி வெளியான ஐ.நா. முடிவு மலேசியாவுக்குச் சாதகமாகவே இருந்தது. ஆயினும் விசாரணை முடியுமுன் தீர்ப்பை அறிவித்தார்கள் என்று சொல்ல சுகர்ணோவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நாட்டுப்பற்று உள்ளவன் தன் தரப்பின் அவசரத்தையும் மறைக்கக் கூடாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் ராபர்ட் கென்னடி பறந்து வந்து ஒரு போர்நிறுத்தத்தை வாங்கிக் கொடுத்தார். பாங்காக்கில் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனாட் கோமான் இரு தரப்பையும் உட்கார வைத்தார். அங்கே சிக்கல் தலைகாட்டியது. கொரில்லாக்கள் முதலில் வெளியேறட்டும், பிறகு அரசியல் பேசலாம் என்றது மலேசியா. முதலில் அரசியல் பேசுவோம், வெளியேறுவதைப் பிறகு பார்க்கலாம் என்றது இந்தோனேசியா. 1964 ஜூன் 20ஆம் தேதி தோக்கியோவில் மூன்று தலைவர்களும் மறுபடி கூடினார்கள். ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் நான்கைக் கொண்டு ஒரு சமரசக் குழு அமைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஒரே நாளில் மாநாடு முறிந்தது. இரண்டு மாதம் ஆகுமுன் பொந்தியானில் துப்பாக்கி வெடித்தது.

விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போயிற்று. ஒன்பது நாடுகள் நம் பக்கம் வாக்களித்தன. 1964 செப்டம்பர் 17ஆம் தேதி சோவியத் ரஷ்யா தன் தடை வாக்கால் அதை முறியடித்தது.

சங்கப் பணியில் இருக்கும் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. கூட்டு ஒப்பந்தப் பேச்சில், "முதலில் வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம்" என்பார் ஒருவர். "முதலில் பேசுங்கள், பிறகு திரும்புகிறோம்" என்பார் இன்னொருவர். முந்துவது யார் என்ற சண்டையில் கோரிக்கையே மறந்துபோகும். நாடுகளும் மனிதர்கள் நடத்துபவைதாமே!

பேச்சு எப்படிப் பலித்தது?

தோக்கியோவில் முறிந்த பேச்சு 1966ஆம் ஆண்டில் பலித்தது. மே இறுதியில் இந்தோனேசிய இராணுவ அதிகாரிகள் நல்லெண்ணக் குழுவாகக் கோலாலம்பூருக்கே வந்தார்கள். அதையடுத்துப் பாங்காக்கில் துன் ரசாக்கும் அடாம் மாலிக்கும் பேசி இணக்கம் கண்டார்கள். ஆகஸ்டு 11ஆம் தேதி ஜகார்த்தாவில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி அதே பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. துன் ரசாக், அடாம் மாலிக், தனாட் கோமான் மூவருமே அதில் கையெழுத்திட்டவர்கள்.

எப்படி முடிந்தது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, போர் நடந்துகொண்டிருந்தபோதே ஓர் இரகசியப் பாதை திறந்திருந்தது. அலி முர்தோபோ, பென்னி முர்தானி போன்ற இந்தோனேசிய இராணுவ அதிகாரிகளும், நம் வெளியுறவுத் துறைச் செயலாளர் கசாலி ஷாபியும் கூட்டத்தின் கண்ணில் படாமல் பேசி வந்தார்கள். மேடையில் முழங்கிய வார்த்தைகளை மேசையில் யாரும் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை.

இரண்டாவது, எதிரிக்கு வீடு திரும்ப ஒரு கௌரவமான வழி விடப்பட்டது. சபா, சரவாக் மக்கள் பொதுத் தேர்தல் மூலம் தங்கள் முடிவை மீண்டும் உறுதி செய்ய வாய்ப்பளிக்கப்படும் என்று உடன்படிக்கையில் ஒரு விதி சேர்த்தார்கள். மலேசியா இழந்தது ஒன்றுமில்லை. ஜகார்த்தாவுக்கோ, மக்கள் கருத்துக்கு வழி செய்துவிட்டோம் என்று தன் நாட்டாரிடம் சொல்ல ஒரு வாசகம் கிடைத்தது. தோற்றவன் என்ற பட்டத்தோடு எவனும் கையெழுத்துப் போட மாட்டான். போட்டாலும் அந்தக் கையெழுத்து நிற்காது.

மூன்றாவது, நடுவில் இருந்தவர் பெருமைக்கு ஆசைப்படவில்லை. தாய்லாந்து திண்ணையைக் கொடுத்தது, உட்கார வைத்தது, தீர்ப்புச் சொல்ல முந்தவில்லை.

இங்கே ஒருவர் மறுப்புச் சொல்லலாம். "பேச்சினாலா அமைதி வந்தது? 1965 செப்டம்பர் 30ஆம் தேதிக் கிளர்ச்சிக்குப் பிறகு சுகர்ணோவின் கை தளர்ந்தது. 1966 மார்ச்சில் அதிகாரம் சுஹார்த்தோ கைக்கு மாறியது. அதனால் வந்த அமைதியன்றோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மாற்றம் இலட்சக்கணக்கான இந்தோனேசிய மக்களின் இரத்தத்தில் நனைந்து வந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆட்சி மாற்றம் கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியே உடனே நுழைந்து பேச ஆட்கள் ஆயத்தமாக இருந்தது எதனால்? கதவு அடைத்திருந்த காலத்திலும் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருந்தார்கள் அல்லவா, அதனால்தான். மழை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. வாய்க்காலைத் தூர்வாரி வைப்பது நம் கையில் இருக்கிறது.

இன்றைய சண்டைக்கு அந்த அளவுகோல்

இந்த மூன்றையும் கொண்டு தாய்லாந்து, கம்போடியா விவகாரத்தை அளந்து பார்ப்போம்.

இரகசியப் பாதை இருந்ததா? இருந்தது, அதை வீதியில் போட்டு உடைத்தார்கள். 2025 ஜூன் 15ஆம் தேதி அன்றைய தாய்லாந்துப் பிரதமர் பேதொங்தார்ன், கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னோடு தொலைபேசியில் பேசினார். 'மாமா' என்று உறவு முறை சொல்லியே பேசினார். சில நாளில் அந்தப் பேச்சு அம்பலமாயிற்று. ஆகஸ்டு 29ஆம் தேதி நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. இனி எந்தத் தலைவருக்கு மனம் விட்டுப் பேசத் துணிவு வரும்? முதலில் செப்பனிட வேண்டிய பாதை இதுவே. படம் பிடிக்கும் மாநாட்டை விட, பெயர் வெளிவராத இரண்டு அதிகாரிகள் சந்திக்கும் அறை அதிகம் சாதிக்கும்.

கௌரவமான வழி உண்டா? பிரியா விஹியார் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று அனைத்துலக நீதிமன்றம் 1962ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வேறு சில பழங்கோயில்களும் நிலத்துண்டுகளும் வழக்கில் கிடக்கின்றன. நீதிமன்றத்துக்குப் போவோம் என்கிறது கம்போடியா. இருவரும் உட்கார்ந்தே எல்லையை அளப்போம் என்கிறது தாய்லாந்து. எல்லையைக் கூட்டாக அளக்க 2000ஆம் ஆண்டிலேயே இருவரும் ஒரு புரிந்துணர்வில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எனவே சுடுவதை நிறுத்துவதையும், நிலம் யாருடையது என்பதையும் இரண்டு வழக்குகளாகப் பிரிப்பதே விவேகம். முதலாவது இன்றே முடிய வேண்டியது. இரண்டாவதற்குப் பத்தாண்டு ஆனாலும் யாரும் சாக மாட்டார்கள். நாமும் இந்தோனேசியாவும் அப்படித்தான் செய்தோம். சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்ற தகராறு நீண்ட காலம் இருந்தது. இருவரும் சம்மதித்து அனைத்துலக நீதிமன்றம் போனோம், 2002 டிசம்பர் 17ஆம் தேதி தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது, இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. 1964ஆம் ஆண்டில் லாபிஸில் ஆள் இறக்கிய நாடு, 2002ஆம் ஆண்டில் தீர்ப்புக்குத் தலை வணங்கியது. இதைவிட நம்பிக்கை தரும் சான்று வேறு வேண்டுமா?

மூன்றாவது, நடுவர். அன்று பாங்காக் நமக்குத் திண்ணை கொடுத்தது. 2025ஆம் ஆண்டில் கோலாலம்பூர் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தது. பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் இந்தச் சண்டையில் திண்ணை மட்டும் போதவில்லை, தராசும் வேண்டியிருக்கிறது. நவம்பரில் வெடித்த கண்ணிவெடி புதிதாகப் புதைத்தது என்கிறது தாய்லாந்து. பழைய யுத்த காலத்தில் புதைத்தது என்கிறது கம்போடியா. இருவரும் நம்பும் ஒருவர் உடனே போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தால் டிசம்பர் யுத்தத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றே நான் எண்ணுகிறேன்.

பால் நிறுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? கிராணி எழுதும் இராத்தல் குறைவு என்று மரம் வெட்டுகிறவர் நினைப்பார். பாலில் தண்ணீர் கலந்தது என்று நிர்வாகம் நினைக்கும். இருவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். சந்தேகம் மட்டும் தினம் வளரும். தராசுக்குப் பக்கத்தில் தொழிலாளர் தரப்பிலும் ஒருவர் நின்று முள்ளைப் பார்க்கத் தொடங்கினால் பாதித் தகராறு அன்றே தீர்ந்துவிடும். கிராணி வேலை பார்க்கும் நானே இதைச் சொல்கிறேன்: பக்கத்தில் ஒருவர் நின்று பார்ப்பது எழுதுகிறவனுக்கு அவமானம் அன்று, பாதுகாப்பு. ஆசியான் பார்வையாளர்கள் எல்லைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் அழைத்தால் மட்டும் வரும் விருந்தாளிகளாக இராமல், எந்த இடத்துக்கும் எந்த நேரத்திலும் போகவும், கண்டதை உடனே வெளியிடவும் உரிமை பெற வேண்டும். 2026ஆம் ஆண்டில் ஆசியான் தலைமை பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது என்பதால் நம் கடமை தீர்ந்துவிடாது.

ஒரு நல்ல அறிகுறியையும் குறிக்க வேண்டும். ஜூலைப் போர்நிறுத்தம் வந்த கையோடு பிடிபட்ட 18 கம்போடியச் சிப்பாய்களைத் தாய்லாந்து டிசம்பர் 31ஆம் தேதி விடுவித்தது. அக்டோபரில் எழுதியது டிசம்பரில் நடந்தது. தாமதம்தான், எனினும் எழுதிய ஒரு வாக்கு நிறைவேறினால் அடுத்த வாக்கை நம்ப மனம் வரும்.

தொழிலாளியின் பங்கு

இந்தச் சமாதானப் பேச்சில் ஒரு தரப்பு மேசையில் இல்லவே இல்லை. அது உழைக்கும் மக்களின் தரப்பு. 2025ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கூலி வேலை பார்த்த கம்போடியர்கள் பல இலட்சம் பேர் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். வயலும் தோட்டமும் ஆளில்லாமல் நின்றன. அங்கே ஊரில் அடுப்பு எரியப் பணமில்லை. பீரங்கியைப் பின்னுக்கு இழுப்பது பற்றி உடன்படிக்கையில் விதி எழுதுகிறார்கள். திரும்பி ஓடியவனின் பாக்கிச் சம்பளத்துக்கும், அவன் அச்சமின்றி மறுபடி வேலைக்கு வருவதற்கும் விதி எழுத வேண்டாமா? இதை மந்திரிகள் தாமாக நினைக்க மாட்டார்கள். தொழிற்சங்கங்கள்தாம் நினைவூட்ட வேண்டும். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இரு நாட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒரே அறைக்கு அழைத்துப் பேச வைக்கலாம். நம் கிளைக் கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பக் காசு செலவாகாது.

இன்னொன்றும் உண்டு. கைத்தொலைபேசியில் வரும் வெறிப் பேச்சுகளைக் கேட்டு, தாய்லாந்துக்காரன் இப்படி, கம்போடியாக்காரன் அப்படி என்று நாம் ஏன் கட்சி சேர வேண்டும்? 1963 செப்டம்பரில் ஜகார்த்தாவில் ஒரு கூட்டம் பிரிட்டிஷ் தூதரகத்தைக் கொளுத்தியது. கோலாலம்பூரில் ஒரு கூட்டம் இந்தோனேசியத் தூதரகத்தைத் தாக்கியது. அந்தக் கூட்டங்கள் ஒரு நாளாவது போரைக் குறைத்தனவா? அன்று பகைவன் என்று காட்டப்பட்டவனின் பேரன் இன்று நம் தோட்டங்களில் நம்மோடு நிரை பிடித்து வேலை செய்கிறான். நம் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறான். அவனைப் பகைவன் என்று சொன்னால் நம் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

ஆகவே சமாதானம் வருமா என்று கேட்போருக்கு என் விடை இதுதான்: வரும். தோக்கியோவில் முறிந்தது பாங்காக்கில் பலிக்க இரண்டு ஆண்டு பிடித்தது. புத்ராஜெயாவில் தொடங்கியதற்கும் காலம் பிடிக்கலாம். காகிதம் கிழிந்ததென்று மேசையை உடைக்காதீர்கள். கைச்சாத்துக்கு மறுநாள் காலையில் தராசுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை, தராசோடு தினம் வாழ்க்கை நடத்தும் நமக்கு மற்ற எவரையும்விட அதிகமாகவே உண்டு.